மாலத்தீவு, பாலி, அந்தமான்... டிக்கெட் போடும் முன் எலியட்ஸ் பீச்சில் ஒரு பாடம்!

பெசன்ட் நகர் எலியட்ஸ் பீச்சுக்குப் போயிருக்கிறீர்களா? அப்படியென்றால் மணலில் தனியாக நிற்கும் அந்த வெள்ளைக் கட்டடத்தை நிச்சயம் பார்த்திருப்பீர்கள். கதவு கிடையாது, உள்ளே சிலையும் கிடையாது. சினிமாப் பாட்டில் வந்திருக்கிறது, கல்யாண ஆல்பங்களில் வந்திருக்கிறது. உங்கள் போன் கேலரியைத் தேடினால் அங்கேயும் ஒரு போட்டோ இருக்கும். ஆனால், 'அது என்ன கட்டடம்?' என்று கேட்டால் பாதிப் பேருக்குப் பதில் தெரியாது.

அது ஒரு நினைவுச் சின்னம். கே.ஏ.ஜே. ஷ்மிட் என்ற டென்மார்க் நாட்டுக்காரருக்காகக் கட்டப்பட்டது. 1930 டிசம்பர் 30 அன்று, இந்த இடத்துக்கு அருகே கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போனவர், அதே கடலில் மூழ்கி இறந்துபோனார். கல்வெட்டில் இருப்பதும் இந்தச் செய்திதான். ஆக, நாம் சிரித்துக்கொண்டே செல்ஃபி எடுக்கிற அந்த இடம், 'இங்கே தண்ணீர் உள்ளே இழுக்கும்' என்று 90 வருடங்களுக்கு மேலாகச் சொல்லிக்கொண்டே நிற்கிற ஓர் எச்சரிக்கைப் பலகை!

'தீவுச் சுற்றுலா பத்தி சொல்லுவீங்கன்னு பார்த்தா, பெசன்ட் நகர்லயே நிக்கிறீங்களே?' என்கிறீர்களா? காரணம் இருக்கிறது. இன்றைக்கு தி.நகரில் தீபாவளி ஷாப்பிங் போவதுபோல மாலத்தீவுக்கும் பாலிக்கும் போய்வருகிறோம். ஹோட்டல் ரேட்டிங் பார்க்கிறோம், காலை உணவு உண்டா என்று பார்க்கிறோம், பாண்டி பஜாரில் தொப்பியும் கூலிங் கிளாஸும் வாங்கிவிடுகிறோம். அந்த மாதத்தில் அந்தக் கடல் எப்படி இருக்கும் என்று மட்டும் கேட்பதே இல்லை. கடற்கரைப் பயணத்தில் முதலில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான்!

ஒரே தீவு, இரண்டு கடல்

உலகம் முழுக்க வேண்டாம், நம் ராமேஸ்வரத்திலேயே ஆரம்பிக்கலாம். தனுஷ்கோடிக்குப் போகும் சாலையில் ஒரு பக்கம் பாக் நீரிணைக் கடல், மறுபக்கம் மன்னார் வளைகுடா. அமைதியாகக் கிடக்கிற பாக் பக்கத்தை ஊர்க்காரர்கள் 'பெண் கடல்' என்பார்கள். அலையடித்துக்கொண்டே இருக்கிற மன்னார் பக்கம் 'ஆண் கடல்'. நடந்து போகிற தூரத்தில் இருக்கிற இரண்டு கடல்களுக்குக் குணம் வேறு வேறு. பெயர் வைத்தவர்கள் ஆராய்ச்சியாளர்கள் அல்ல, அந்தத் தண்ணீரில் பிழைக்கிறவர்கள்.

இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் போதும், பாதி டூர் பிளான் முடிந்துவிடும். ஏனென்றால், நம்மைச் சுற்றியிருக்கிற கடல்களை ஆட்டிவைப்பவை இரண்டே பருவக்காற்றுகள். மே, ஜூனில் தொடங்கி செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து வீசும் காற்று மேற்குப் பார்த்த கரைகளைப் புரட்டிப் போடும். அக்டோபருக்குப் பிறகு வடகிழக்குக் காற்று கிழக்குப் பார்த்த கரைகளைப் பதம் பார்க்கும். அதாவது, ஒரு பக்கம் கொந்தளிக்கும்போது மறுபக்கம் பெரும்பாலும் அமைதியாக இருக்கும்.

இலங்கை: விமானத்தில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் கொழும்பு. பெந்தோட்டை, ஹிக்கடுவ, மிரிஸ்ஸ போன்ற தென்மேற்குக் கரைகளுக்கு டிசம்பர் முதல் ஏப்ரல் வரைதான் நல்ல நேரம். கோடை விடுமுறையில், மே கடைசியில் போகிறீர்களா? அப்படியே கிழக்கே திரும்புங்கள். திருகோணமலையின் நிலாவெளி, மட்டக்களப்புப் பக்கம் பாசிக்குடா இரண்டும் மே முதல் செப்டம்பர் வரை அருமையாக இருக்கும். பாசிக்குடாவில் தண்ணீர் ஆழமில்லாமல் வெகுதூரம் போகும் என்பதால் குழந்தைகளோடு போகிற குடும்பங்களுக்கு ஏற்ற இடம். நிலாவெளிக்கு எதிரே இருக்கிற புறாமலைத் தீவில் பவளப்பாறைகளைப் பார்க்கலாம். கூடுதல் போனஸ்... இந்தப் பக்கம் முழுக்கத் தமிழிலேயே பேசிச் சமாளிக்கலாம்.

தாய்லாந்து: இதே கதைதான். அந்தமான் கடலைப் பார்த்த புக்கெட்டுக்கு நவம்பர் முதல் ஏப்ரல் வரை ஓகே. மே முதல் அக்டோபர் வரை அங்கே கரையெல்லாம் சிவப்புக்கொடி பறக்கும். அந்த மாதங்களில் விலை மலிவாக இருப்பதற்குக் காரணமே அதுதான். மறுபக்கம் தாய்லாந்து வளைகுடாவில் இருக்கிற கோ சமுய் தீவில் கனமழை கொட்டுவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை.

அந்தமான்: சென்னையிலிருந்து நேரடி விமானத்தில் சுமார் இரண்டே கால் மணி நேரம். கப்பலில் போனால் ஏறத்தாழ மூன்று நாள். 2018-ல் ஹேவ்லாக் தீவு 'ஸ்வராஜ் தீவு' ஆனது, 2024-ல் போர்ட் பிளேர் 'ஸ்ரீ விஜய புரம்' ஆனது. டிக்கெட்டில் புதுப்பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை நல்ல சீஸன்.

மாலத்தீவு: சுமார் 1,190 குட்டித் தீவுகள். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வானமும் கடலும் தெளிவாக இருக்கும். ரிசார்ட் தீவு வேறு, மக்கள் வசிக்கிற ஊர்த்தீவு வேறு. செலவு குறைவு என்று ஊர்த்தீவில் தங்கினால் அங்கே மது கிடையாது, உடை விஷயத்திலும் கட்டுப்பாடு உண்டு.

பாலி: பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பதால் கணக்கு தலைகீழ். நமக்குக் கோடை, காலாண்டு விடுமுறை வருகிற மாதங்களில் அங்கே மழை குறைவு. ஆனால், மழை இல்லை என்பதால் அலையும் இல்லை என்று நினைக்க வேண்டாம். கூட்டா கடற்கரையின் அலைகளைத் தேடித்தான் உலகமே சர்ஃபிங் போர்டோடு வருகிறது.

மொரீஷியஸ்: ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தைப் பார்க்கலாம், தைப்பூசத்துக்கு அரசு விடுமுறை உண்டு. தீவைச் சுற்றிப் பெரும்பகுதிக்குப் பவளப்பாறை வேலிபோல இருப்பதால் உள்ளே தண்ணீர் குளம்போலக் கிடக்கும். தெற்கே கிரி-கிரி என்ற இடத்தில் அந்த வேலி இல்லை. அங்கே அலை நேராகப் பாறையில் மோதும். பார்க்கலாம், ரசிக்கலாம், இறங்கக் கூடாது. ஜனவரி முதல் மார்ச் வரை புயல் மாதங்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எங்க அலை உடையலையோ...

சரி, மாதத்தைச் சரியாகப் பார்த்துப் போய்விட்டோம். இனி பயமில்லாமல் இறங்கலாமா? இங்கேதான் என் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும்.

கல்லூரி இரண்டாம் வருடம். மயிலாப்பூரிலிருந்து நாங்கள் நான்கு பேர் பஸ் பிடித்து எலியட்ஸ் பீச்சுக்குப் போனோம். 'முட்டி வரைக்கும்தான்' என்று வீட்டில் சத்தியம் செய்துவிட்டு வந்திருந்தோம். ஓரிடத்தில் மட்டும் அலையே இல்லாமல் தண்ணீர் அமைதியாக இருந்தது. 'இங்க சேஃப்டி' என்று அங்கே இறங்கினோம். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. காலுக்குக் கீழே மணல் நழுவியது. எங்களில் ஒருத்தி கையெட்டும் தூரத்திலிருந்து பத்தடி, இருபதடி என்று தள்ளிப் போய்க்கொண்டே இருந்தாள். அவள் கத்தவில்லை. சினிமாவில் வருவதுபோலக் கையை ஆட்டவில்லை. வாயைத் திறந்து வானத்தைப் பார்த்தபடி இருந்தாள், அவ்வளவுதான். அவள் விளையாடுகிறாள் என்றே நான் நினைத்தேன்.

கரையில் வலை சரிசெய்துகொண்டிருந்த மீனவ அண்ணன் ஒருவர் பார்த்துவிட்டார். நேராக அவளை நோக்கி ஓடவில்லை. மரத்துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு, பக்கவாட்டில் சுற்றிப்போய் அவளைப் பிடித்து, அலை அடிக்கிற பக்கமாகக் கரைக்குக் கொண்டுவந்தார். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. எங்களுக்குத்தான் கை கால் நடுக்கம் நிற்கவில்லை. அந்த அண்ணன் திட்டவில்லை. 'எங்க அல ஒடையலையோ, அங்கதாம்மா தண்ணி உள்ள இழுக்கும். அல அடிக்கிற எடத்த பாத்து பயப்படுறீங்க, அடிக்காத எடத்துல போயி எறங்குறீங்க' என்றார்.

பல வருடங்கள் கழித்து, இந்த வேலைக்கு வந்த பிறகு படித்தபோதுதான் தெரிந்தது... அவர் சொன்ன அந்த இரண்டு வரிதான் உலகம் முழுக்கக் கடற்கரைப் பாதுகாப்பின் முதல் பாடம்.

'ரிப் கரன்ட்' என்றால் என்ன?

அலைகள் கரைக்குத் தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருக்கின்றன. அந்தத் தண்ணீர் திரும்பிப் போக வேண்டுமே? கடலடி மணல்மேட்டில் எங்கே பள்ளம் இருக்கிறதோ, அந்த வழியாக ஒரு வாய்க்கால்போல வேகமாகக் கடலுக்குள் ஓடும். இதைத்தான் ரிப் கரன்ட் என்கிறார்கள். பள்ளத்தில் ஆழம் அதிகம் என்பதால் அங்கே அலை உடையாது. மேலே பார்க்கச் சமர்த்தாக இருக்கும்!

இதன் வேகம் சில நேரங்களில் நொடிக்கு இரண்டு மீட்டருக்கும் மேல் போகும். ஒலிம்பிக் வீரர்கள் 50 மீட்டரைச் சுமார் 21 நொடியில் நீந்துகிறார்கள். அதாவது, உலகின் மிக வேகமான நீச்சல்காரரே எதிர்த்து நீந்தினாலும் கொஞ்ச தூரத்திலேயே ஓய்ந்துவிடுவார். இதில் நீச்சல்குளத்தில் நான்கு மாதம் பயிற்சி எடுத்த நாம் எந்த மூலைக்கு? 1967 டிசம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் ஹெரால்ட் ஹோல்ட் செவியட் கடற்கரையில் கொந்தளிப்பான கடலில் நீந்தப்போனவர் காணாமலேயே போனார். அவர் கடல் நீச்சலில் ஆர்வமுள்ளவர். கடலுக்குப் பதவியும் தெரியாது, அனுபவமும் தெரியாது.

எப்படிக் கண்டுபிடிப்பது? கரைக்குப் போனதும் இறங்காதீர்கள். கொஞ்சம் மேடான இடத்தில் பத்து நிமிடம் நின்று பாருங்கள்.

- இரண்டு பக்கமும் வெள்ளையாக அலை உடைய, நடுவில் மட்டும் உடையாத ஓர் இடைவெளி இருக்கிறதா?
- அந்த இடத்தில் தண்ணீரின் நிறம் பக்கத்தைவிட அடர்த்தியாகவோ, மணல் கலங்கலாகவோ இருக்கிறதா?
- நுரை, இலை, குப்பை எல்லாம் கரைக்கு வராமல் உள்நோக்கிப் போகிறதா?

மூன்றில் ஒன்று இருந்தாலும் அந்த இடம் வேண்டாம்.

சிக்கிக்கொண்டால்?

முதலில் ஒரு நிம்மதியான செய்தி. ரிப் கரன்ட் உங்களைக் கீழே இழுக்காது, வெளியேதான் கொண்டுபோகும். அலை உடையும் இடத்தைத் தாண்டியதும் பெரும்பாலும் வேகம் குறைந்துவிடும். உயிரைப் பறிப்பது களைப்பும் பதற்றமும்தான். அதனால்:

1. கரையை நோக்கி நேராக நீந்தாதீர்கள். எதிர்நீச்சல் இங்கே உதவாது.
2. மல்லாந்து மிதந்து மூச்சைச் சீராக்குங்கள். ஒரு கையை உயர்த்தி உதவி கேளுங்கள்.
3. நீந்தத் தெரிந்தால் கரைக்கு இணையாக, பக்கவாட்டில், அலை உடைகிற பக்கம் நோக்கி நீந்துங்கள். ஒரு பக்கம் பாறையோ கல் சுவரோ இருந்தால் மறுபக்கம்.
4. அங்கே வந்ததும் அலையே உங்களைக் கரைக்குத் தள்ளும்.

வேறொருவர் சிக்கினால்? ஷ்மிட்டை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். காப்பாற்றப் போனவரும் சேர்ந்து மூழ்குவது இன்றும் தொடர்கிற சோகம். வெறுங்கையோடு குதிக்காதீர்கள். மிதக்கிற எதையாவது வீசுங்கள். மூடிபோட்ட காலி தண்ணீர் கேன், பெரிய பெட் பாட்டில், கயிறு, துப்பட்டா எதுவானாலும் சரி. அதற்குள் ஒருவர் 112 அல்லது நம் கடலோரப் பாதுகாப்புக் குழும எண் 1093-ஐ அழைக்கட்டும். இன்னொருவர் சிக்கியவரிடமிருந்து கண்ணை எடுக்காமல் கை காட்டிக்கொண்டே நிற்கட்டும். தண்ணீரில் ஒரு தலையைத் தவறவிட்டால் திரும்பக் கண்டுபிடிப்பது ரொம்பக் கஷ்டம்.

கொடி சொல்லும் சேதி

வெளிநாட்டுக் கடற்கரைகளிலும், நம் கோவா போன்ற இடங்களிலும் கொடிகளைப் பார்க்கலாம். பாதி சிவப்பு, பாதி மஞ்சள் கொடி இரண்டு நட்டிருந்தால், அவற்றுக்கு நடுவே மட்டும் குளியுங்கள், அங்கே உயிர்காப்பாளர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். ஒற்றைச் சிவப்பு என்றால் ஆபத்து, இரட்டைச் சிவப்பு என்றால் இறங்கவே கூடாது. ஊதா நிறம் பறந்தால் ஜெல்லிமீன் போன்ற கடல் உயிரினங்கள் நடமாட்டம். கொடியே இல்லை என்றால் 'ஆபத்து இல்லை' என்று பொருள் அல்ல, 'பார்த்துக்கொள்ள ஆளில்லை' என்று பொருள்.

அந்தமானில் இன்னொரு பலகையையும் கவனியுங்கள், முதலை எச்சரிக்கை! அங்கே உப்புநீர் முதலைகள் உண்டு. 2010-ல் ஹேவ்லாக்கில் ஒரு வெளிநாட்டுப் பயணி முதலை தாக்கி இறந்திருக்கிறார். பலகையின் பக்கத்தில் நின்று போட்டோ எடுப்பதோடு நிற்காமல், அதில் எழுதியிருப்பதையும் படியுங்கள்.

பாலிக்கு அருகே நுசா லெம்பொங்கான் தீவின் 'டெவில்ஸ் டியர்' போன்ற பாறை முனைகளில் இன்னோர் ஆபத்து. பத்து அலைகள் கால்வரை வராது, பதினோராவது அலை ஆளையே அடித்துக்கொண்டு போகும். பாறை ஈரமாக இருந்தால், அலை அதுவரை வந்து போயிருக்கிறது என்று அர்த்தம். செல்ஃபிக்குக் காய்ந்த பாறையே போதும்.

வெயிலடிக்கும் நாளில் வரும் கள்ளக்கடல்

2024 மே 6. கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரை. நண்பர் வீட்டுத் திருமணத்துக்கு வந்திருந்த மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி இறந்துபோனார்கள். புயல் இல்லை, மழை இல்லை. ஆனால், 'கள்ளக்கடல்' எச்சரிக்கை அப்போது அமலில் இருந்தது.

எங்கோ தெற்கு இந்தியப் பெருங்கடலில் வீசுகிற புயல்காற்று கிளப்பிவிடும் நெடிய அலைகள், பல ஆயிரம் கிலோமீட்டர் பயணித்துச் சில நாள்கள் கழித்து நம் கரைக்கு வரும். இங்கே காற்றே இருக்காது, அலை மட்டும் திடீரென்று எழும். திருடன்போல வருவதால் கேரள மீனவர்கள் வைத்த பெயர்தான் கள்ளக்கடல். இப்போது அறிவியல் உலகமும் அந்தப் பெயரையே பயன்படுத்துகிறது. ஹைதராபாத்தில் இருக்கிற இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம், இன்காய்ஸ், இந்த எச்சரிக்கையை முன்கூட்டியே வெளியிடுகிறது. மழை வருமா என்று போனில் பார்க்கிறோம் இல்லையா, கடலுக்குப் போகும் நாளில் இன்காய்ஸ் பக்கத்தையும் ஒரு நிமிடம் பாருங்கள்.

கடல் வழக்கத்துக்கு மாறாகச் சட்டென்று உள்வாங்கினால் வேடிக்கை பார்க்க நிற்காதீர்கள், மேட்டை நோக்கி ஓடுங்கள். 2004 சுனாமியில் புக்கெட்டின் மாய் காவ் கடற்கரையில் இதைக் கவனித்துச் சொன்னது டில்லி ஸ்மித் என்ற 10 வயதுச் சிறுமி. இரண்டு வாரம் முன்பு பள்ளியில் புவியியல் பாடத்தில் படித்தது ஞாபகம் வந்திருக்கிறது. அந்தக் கரையில் இருந்தவர்கள் தப்பித்தார்கள். உங்கள் வீட்டுக் குழந்தைகளுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள்.

பேக் செய்யும் முன் ஒரு செக்லிஸ்ட்

- போகிற மாதத்தில் அந்தக் கரை எந்தக் காற்றைப் பார்த்து நிற்கிறது என்று பாருங்கள். நாட்டின் பெயரை மட்டும் பார்த்து புக் செய்யாதீர்கள்.
- குழந்தைகளும் பெரியவர்களும் வந்தால், பவளப்பாறை வேலி உள்ள அல்லது உயிர்காப்பாளர் உள்ள கரையைத் தேர்ந்தெடுங்கள்.
- பவளப்பாறைக் குளமென்றாலும், அது திறந்த கடலோடு சேருகிற வாய்க்கால் பக்கம் போகாதீர்கள். இழுப்பு அதிகம்.
- நீந்தத் தெரியாதவர் படகுக்கும் ஸ்நோர்கெலிங்குக்கும் லைஃப் ஜாக்கெட் இல்லாமல் இறங்கக் கூடாது. 'அட, பரவால்ல' என்று படகுக்காரரே சொன்னாலும்!
- ஜீன்ஸ், புடவையோடு இறங்காதீர்கள். நனைந்தால் கனக்கும், காலைச் சுற்றும்.
- குடித்துவிட்டு இறங்கவே கூடாது. இதற்கு விளக்கம் தேவையில்லை.
- ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்குமா என்று முதலிலேயே கேளுங்கள். 'காசு கட்டியாச்சே' என்ற எண்ணம்தான் பலரை மோசமான கடலில் இறக்குகிறது.

நீச்சல் கற்றுக்கொள்வது? கண்டிப்பாக. ஆனால், குளத்து நீச்சல் வேறு, கடல் வேறு. குளத்தில் முதலில் மிதக்கக் கற்றுக்கொள்ளுங்கள். கடலில் உங்களைக் காப்பாற்றப் போவது வேகம் அல்ல, அந்த மிதவைதான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை செய்யுங்கள். சாயங்காலம் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு எலியட்ஸ் பீச்சுக்குப் போங்கள். மாங்காய், சுண்டல் எல்லாம் உண்டு, அதில் சமரசமே வேண்டாம்! தண்ணீரில் இறங்காமல் ஷ்மிட் நினைவுச் சின்னத்தின் பக்கத்தில் நின்று, 'எந்த இடத்துல அலை உடையல, கண்டுபிடி பார்க்கலாம்?' என்று ஒரு போட்டி வையுங்கள். முதல் பத்து நிமிடம் ஒன்றும் தெரியாது. அப்புறம் மெல்ல அந்த வாய்க்கால் கண்ணில் படும். ஒருமுறை பார்க்கப் பழகிவிட்டால் பாலியிலும் மொரீஷியஸிலும் அதே கண்ணால் பார்ப்பீர்கள்.

பத்து வருடங்களாக நான் அப்படித்தான் பார்க்கிறேன். என் தோழியும் அப்படித்தான். இப்போது அவளுக்கு ஒரு மகள் இருக்கிறாள். கடலுக்குப் போனால் அந்தக் குட்டி முதலில் கேட்பது, 'அம்மா, இங்க அலை உடையுதா?'